முதுகுத்தண்டு அறுவை சிகிச்சையில் ரத்த இழப்பைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுத்தண்டு அறுவைக்குத் தேதி குறித்ததுமே நோயாளியின் வீட்டார் கேட்பது, "ரத்தம் ஏற்ற வேண்டி வருமா?" என்பதுதான். இதற்கான விடை பெரும்பாலும் அறுவைக்குச் சில வாரங்களுக்கு முன்பே, ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனையில் முடிவாகிவிடுகிறது. கீழே உள்ளவை நோயாளிகளும் குடும்பத்தாரும் கேட்கும் கேள்விகள். அறுவை அரங்கில் புதிதாகப் பணிக்குச் சேர்ந்தவர்கள் கேட்பவையும் கூடவே இருக்கின்றன. மருந்தளவுகள் விஷயம் புரிவதற்காகத் தரப்பட்டவை. யாருக்கு எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

எல்லா முதுகுத்தண்டு அறுவையிலும் ரத்தம் அதிகம் போகுமா?

இல்லை. பிதுங்கிய டிஸ்க்கை நுண்ணோக்கி வைத்து எடுக்கும் அறுவையில் பெரும்பாலும் 100 மி.லி.க்கும் குறைவாகவே போகும். அதற்கு ரத்தம் ஏற்றுவது மிக அரிது. ஓரிரு எலும்புகளை ஸ்க்ரூ, ராடு வைத்து இணைத்தால் சில நூறு மி.லி. போகலாம். வளைந்த முதுகை நிமிர்த்தும் ஸ்கோலியோசிஸ் அறுவை, எலும்பை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துக் கோணத்தை மாற்றும் அறுவை, முள்ளெலும்பில் பரவிய புற்றுநோய்க்கான அறுவை ஆகியவற்றில்தான் இழப்பு லிட்டர் கணக்குக்குப் போகிறது.

எத்தனை எலும்புகள் திறக்கப்படுகின்றன, எத்தனை மணி நேரம் ஆகிறது, எலும்பு வெட்டப்படுகிறதா, அதே இடத்தில் முன்பு அறுவை நடந்திருக்கிறதா என்ற நான்கையும் வைத்து ஓரளவு கணிக்கலாம். நரம்பு, தசை நோயால் முதுகு வளைந்த பிள்ளைகளுக்கு, காரணம் தெரியாமல் வளைந்த பிள்ளைகளைவிட ரத்தம் அதிகம் போகும். அவர்களில் சிலர் வலிப்புக்காக வால்புரோயேட் சாப்பிடுவார்கள். அது தட்டணுக்களையும் உறைதல் புரதங்களையும் குறைக்கக்கூடியது. இதை அறுவைக்கு முன்பே கவனித்துப் பரிசோதிக்க வேண்டும்.

இவ்வளவு ரத்தம் எங்கிருந்து வருகிறது?

வயிற்றிலோ காலிலோ அறுவை செய்யும்போது ரத்தம் கொட்டும் குழாயைப் பிடித்துக் கட்டிவிடலாம். முதுகில் அது நடக்காது. ரத்தம் இங்கே ஒரே குழாயிலிருந்து பீறிடுவதில்லை, பல இடங்களிலிருந்து கசிகிறது. தசையை எலும்பிலிருந்து பிரிக்கும்போது சின்னச் சின்னக் குழாய்கள் அறுபடும். எலும்பு ஒட்டுவதற்காக அதன் மேற்பரப்பைச் சீவும்போது உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற மஜ்ஜையிலிருந்து ரத்தம் ஊறும். தண்டுவட உறையைச் சுற்றியுள்ள சிரைகள் மூன்றாவது. இந்தச் சிரைகளுக்கு வால்வு கிடையாது. அதனால் வயிற்றில் அழுத்தம் கூடினால் அது நேராக இவற்றுக்கு வந்து சேரும். சிரைகள் புடைக்கும், தொட்டாலே ரத்தம் வரும்.

அதனால்தான் படுக்கவைக்கும் விதத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களா?

ஆமாம். செலவே இல்லாத வழி இது. ஆனால் பலமுறை இதைத்தான் கோட்டைவிடுகிறார்கள்.

குப்புறப் படுக்கும் நோயாளியின் எடை மார்பிலும் இடுப்பெலும்பின் முன்முனைகளிலும் தாங்க வேண்டும். வயிறு எதிலும் படாமல் தொங்க வேண்டும். படுக்கவைத்த பிறகு, துணி போர்த்துவதற்கு முன், வயிற்றுக்கும் மேசைக்கும் நடுவே கையை நுழைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை தடையில்லாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். பருமனானவர்களுக்கு இடுப்புத் திண்டு மெல்ல நழுவி அடிவயிற்றுக்குள் வந்துவிடும், மேலே இருந்து பார்த்தால் தெரியாது. திருப்பிப் போட்டவுடன் சுவாசக் கருவியில் அழுத்தம் திடீரென ஏறினால், வயிறோ மார்போ நசுங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் காரணமில்லாமல் கசிவு கூடினாலும் முதலில் குனிந்து வயிற்றைப் பாருங்கள். மருந்தைப் பற்றி யோசிப்பது அதற்குப் பிறகுதான். தலை இதயத்தைவிடத் தாழாமலும் கண்கள் அழுந்தாமலும் இருக்க வேண்டும். அதற்கான காரணம் ரத்த அழுத்தம் பற்றிய கேள்வியில் வருகிறது.

அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்க வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ரத்தசோகை என்பது 100 மி.லி. ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே. பெரிய அறுவைக்குப் போகிறவர்களுக்கு ஆணோ பெண்ணோ 13 இருக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. பெண்களின் உடலில் மொத்த ரத்தமே குறைவு. ஒரே அறுவையில் போவதோ இருவருக்கும் ஒரே அளவுதான். 12 இருந்தால் போதும் என்று பெண்களை அனுப்பிவைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஒரு கணக்கைப் பாருங்கள். பெண்களுக்குக் கிலோவுக்கு 65 மி.லி. ரத்தம் என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவர் உடலில் 3,900 மி.லி. இருக்கும். ஹீமோகுளோபின் 8 வரை இறங்கலாம் என்று முடிவு செய்கிறோம். தொடக்க அளவிலிருந்து 8-ஐக் கழித்து, தொடக்க அளவால் வகுத்து, மொத்த ரத்தத்தால் பெருக்கினால், ரத்தம் ஏற்றாமல் எவ்வளவு இழப்பைத் தாங்குவார் என்பது கிடைக்கும். 13-ல் தொடங்கினால் 1,500 மி.லி. தாங்குவார். 10-ல் தொடங்கினால் 780 மி.லி. மட்டுமே. நோயாளியும் அறுவையும் மருத்துவரும் அதேதான், தாங்கும் அளவு மட்டும் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. அரங்குக்குள் எந்தக் கருவியைக் கொண்டுவந்தாலும் இந்த இடைவெளியை ஈடுகட்டுவது கடினம்.

சிறுவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கிலோவுக்கு 75 மி.லி. என்று வைத்தாலும் 30 கிலோ பிள்ளைக்கு மொத்தமே 2,250 மி.லி. தான். பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லாத 500 மி.லி., அந்தப் பிள்ளையின் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

ரத்தசோகை இருந்தால் என்ன செய்வார்கள்? எத்தனை நாள் ஆகும்?

குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் ஆறு வாரம் முன்பே பரிசோதிக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் ஹீமோகுளோபின் 9 என்று தெரிந்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. தேதியைத் தள்ள வேண்டும், இல்லையென்றால் ரத்தம் ஏற்ற வேண்டும்.

ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), டிரான்ஸ்ஃபெரின் செறிவு (இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), பி12, ஃபோலிக் அமிலம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் இரும்புச்சத்துக் குறைவு உறுதி. உடலில் அழற்சியோ நாள்பட்ட நோயோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறியிருக்கும். அவர்களுக்கு 100-க்குக் கீழே இருந்து, டிரான்ஸ்ஃபெரின் செறிவும் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலே குறைவு என்று கொள்ளலாம். சிவப்பணுக்கள் சிறியவையாக இருந்தும் ஃபெரிட்டின் சரியாக இருந்தால் பரம்பரையாக வரும் தலசீமியா கூறு இருக்கலாம். அவர்களுக்கு இரும்பு மாத்திரையை அள்ளிக் கொடுப்பதில் பயனில்லை. இரும்புக் குறைவு உறுதியானால், இரும்பு எங்கே போகிறது என்றும் தேட வேண்டும். குடலிலோ மாதவிடாயிலோ கசிவு இருக்கலாம்.

நேரம் இருந்தால் மாத்திரை போதும்: தினமும் 40 முதல் 60 மி.கி. இரும்பு, அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் 80 முதல் 100 மி.கி. ஒரு நாள் விட்டுச் சாப்பிடுவதற்குக் காரணம் உண்டு. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளைக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். அந்த நேரத்தில் விழுங்கும் மாத்திரை வயிற்றைப் புரட்டுமே தவிர ரத்தத்தில் பெரிதாகச் சேராது. தேநீர், காபி, கால்சியம், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது.

நான்கு வாரத்துக்கும் குறைவாகவே நேரம் இருந்தாலோ மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டாலோ சிரை வழியே இரும்பு ஏற்றலாம். தேவையைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது: எடை × ஹீமோகுளோபின் பற்றாக்குறை × 2.4, அதோடு சேமிப்புக்காக 500. 60 கிலோ, 10-லிருந்து 13 வரை ஏற்ற வேண்டும் என்றால் 432 + 500 = 932 மி.கி. ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் என்றால் எடையைப் பொறுத்து 1,000 மி.கி. வரை ஒரே தடவையில், சுமார் 15 நிமிடத்தில் ஏற்றிவிடலாம். பிறகு அரை மணி நேரம் கண்காணிப்பு. அயர்ன் சுக்ரோஸ் என்றால் 200 மி.கி. வீதம் பல தடவை வர வேண்டும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்தால் தோலில் பழுப்புக் கறை நீண்ட நாள் நிற்கும். ஊசி எரிந்தால் வாயை மூடிக்கொண்டு பொறுக்காமல் உடனே சொல்லுங்கள்.

ரத்தம் ஊற எரித்ரோபொயட்டின் ஊசி போடலாமே?

ஹீமோகுளோபின் ஏறும் என்பது உண்மை. ஆனால் கால் சிரைகளில் ரத்தம் உறைவதும் கூடும். முதுகுத்தண்டு அறுவை நோயாளிகளிடமே நடந்த ஆய்வில் இது தெரியவந்தது. சிறுநீரக நோயால் வந்த சோகை, ரத்தம் ஏற்றவே முடியாத நிலை என்று தெளிவான காரணம் இருந்தால் மட்டும், உறைவுத் தடுப்போடும் இரும்போடும் சேர்த்துக் கொடுப்பது சரி. எல்லோருக்கும் வழக்கமாகப் போடும் ஊசியல்ல இது.

எந்த மருந்துகளை எப்போது நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் போய்விடுமே என்று பயந்து தாமாக மாத்திரையை நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். அது ரத்த இழப்பைவிடக் கொடியது. ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆகியிருந்தால் அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசி முடிவெடுக்க வேண்டும்.

பொதுவான இடைவெளிகள் இவை. ஆஸ்பிரினுக்கு 7 நாள், குளோபிடோகிரெலுக்கு 5 முதல் 7 நாள், டைகாகிரெலாருக்கு 3 முதல் 5 நாள், பிராசுகிரெலுக்கு 7 நாள். வார்ஃபரினை 5 நாள் முன்பு நிறுத்தி, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 1.5-க்குக் கீழே வந்ததா என்று முந்தைய நாள் பார்க்க வேண்டும். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்றவற்றுக்குச் சிறுநீரகம் நன்றாக இருந்தால் 2 முதல் 3 நாள். டபிகாட்ரான் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இன்னும் நீட்ட வேண்டியிருக்கும். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓரிரு நாளும், நாப்ராக்சனை இன்னும் சில நாளும் முன்பே நிறுத்துவார்கள். இடையில் வலிக்குப் பாராசிட்டமால் தடையில்லை.

மருந்துப் பட்டியலில் பலர் எழுதாமல் விடுவது மூலிகை மாத்திரைகளும் மீன் எண்ணெயும்தான். ஜின்கோ, ஜின்செங், பூண்டுச் சாறு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் இருந்ததா, மாதவிடாயில் கட்டி கட்டியாகப் போகுமா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தக் கசிவு நோய் உண்டா என்ற கேள்விகளுக்கும் நிதானமாக யோசித்துப் பதில் சொல்லுங்கள். வான் வில்லிபிராண்ட் நோய் போன்றவை வழக்கமான உறைதல் பரிசோதனைகளில் தெரியாமல் போகும். நோயாளி சொல்லும் பழைய கதையில்தான் அது முதலில் பிடிபடும்.

டிரானெக்ஸாமிக் அமிலம் என்பது என்ன?

உறைந்த ரத்தத்தை உடலே கரைக்கும் வேலையைத் தடுக்கும் மருந்து. ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் ஷோசுகே ஒகமோட்டோவும் கண்டுபிடித்தது, 1962-ல் வெளியானது. புதிதாக உறைய வைக்காது. உருவான உறைவைக் கரையவிடாமல் காக்கும். அதனால் கத்தி வைப்பதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும். ரத்தம் போன பிறகு கொடுத்தால் பாதிப் பயன் போய்விடும்.

அளவில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு உண்டு. கிலோவுக்கு 10 முதல் 30 மி.கி. தொடக்கத்திலும், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 1 மி.கி. முதல் மேலேயும் கொடுக்கிறார்கள். பெரிய வளைவு நிமிர்த்தும் அறுவைகளில் சிலர் தொடக்க அளவைக் கிலோவுக்கு 50 மி.கி. வரைகூட ஏற்றுகிறார்கள். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்றால் 900 மி.கி. ஒரு மி.லி.யில் 100 மி.கி. உள்ள ஆம்பூல் என்றால் 9 மி.லி. நிமிடத்துக்கு 100 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, வேகமாகத் தள்ளினால் ரத்த அழுத்தம் விழும். ஆகவே 9 மி.லி.யை உப்புக்கரைசலில் கலந்து 10 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும். மருந்தின் பாதியளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடுவதால் நீண்ட அறுவைக்குத் தொடர் சொட்டும் தேவை. பெரும்பகுதி மாறாமல் சிறுநீரிலேயே வெளியேறும். அதனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் வலிப்பு வரலாம்.

அது காலிலோ இதயத்திலோ ரத்தத்தை உறைய வைத்துவிடாதா?

நியாயமான பயம். 2022-ல் வெளியான பாய்ஸ்-3 ஆய்வில், இதய அறுவை அல்லாத பலவகை அறுவைகளுக்குப் போன 9,535 பேரைச் சேர்த்தார்கள். கடுமையான ரத்தக் கசிவு மருந்து பெற்றவர்களில் 9.1 சதவீதம், பெறாதவர்களில் 11.7 சதவீதம். இதய, ரத்தநாளப் பாதிப்புகள் 14.2, 13.9 என்று ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனாலும் கூடுதல் ஆபத்தே இல்லை என்று அடித்துச் சொல்ல அந்த ஆய்வு முன்கூட்டியே வகுத்துக்கொண்ட அளவுகோல் எட்டப்படவில்லை. ஆகவே அண்மையில் நுரையீரலிலோ காலிலோ உறைவு வந்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள் ஆகியோருக்குத் தனியாக யோசித்தே கொடுக்க வேண்டும். மற்றபடி பெரிய முதுகுத்தண்டு அறுவையில் இதைக் கொடுக்காமல் விடுவதற்குத்தான் காரணம் வேண்டும் என்பது எங்கள் நிலை.

இந்த மருந்தில் எங்கே தவறு நடக்கிறது?

முதுகில் போடும் மரப்பு ஊசி மருந்தின் ஆம்பூலும் இதுவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். மாறிப்போய்த் தண்டுவட நீருக்குள் டிரானெக்ஸாமிக் அமிலம் போய்விட்டால் முதுகிலும் பிட்டத்திலும் கடும் வலி, தொடர் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு ஏற்படும். மரணங்கள் நடந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூடாது. வேறு அலமாரி, பெரிய எச்சரிக்கைச் சீட்டு, ஊசியில் இழுப்பதற்கு முன் இருவர் படித்துச் சரிபார்ப்பது ஆகிய மூன்றும் வேண்டும். இதே காரணத்துக்காக, காயத்தில் நேரடியாக இந்த மருந்தை ஊற்றும் வழக்கம் உள்ள இடங்களில், தண்டுவடத்தை மூடியுள்ள டியூரா உறை கிழிந்திருந்தால் ஊற்றக் கூடாது.

ரத்த அழுத்தத்தைக் குறைத்தால் கசிவு குறையும்தானே?

குறையும். முன்பு தமனியின் சராசரி அழுத்தத்தை 50, 60 மி.மீ. பாதரசம் வரைகூட இறக்குவார்கள். இப்போது நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. தண்டுவடத்துக்கும் கண் நரம்புக்கும் ரத்தம் போதாமல் போனால் கால் செயலிழப்பதும் பார்வை போவதும் நடக்கலாம். அவற்றில் பல திரும்பி வராதவை. ஆறு மணி நேரத்துக்கும் மேலாகக் குப்புறப் படுத்திருந்து, ரத்தமும் நிறையப் போனவர்களிடம் பார்வை இழப்பு பதிவாகியிருக்கிறது. எலும்பு ரத்தம் வேறு பெரும்பாலும் சிரை சார்ந்தது. தமனி அழுத்தத்தை இறக்கி எவ்வளவுதான் மிச்சம் பிடிக்க முடியும்?

தசையைப் பிரிக்கும் கட்டத்தில் சராசரி அழுத்தத்தை 65 முதல் 70-ல் வைப்பது பெரும்பாலானவர்களுக்குப் போதும். பழைய உயர் ரத்த அழுத்தக்காரர்களுக்கு இன்னும் மேலே வைக்க வேண்டும். ராடு வைத்து வளைவை நிமிர்த்தும் நேரம் வரும்போது அதை 75, 80-க்கு மேல் ஏற்றிவிட வேண்டும். நரம்புக் கண்காணிப்பில் சமிக்ஞை விழுந்தால் உடனடியாகச் செய்ய வேண்டியவற்றில் அழுத்தத்தை ஏற்றுவதும், ஹீமோகுளோபின் பார்ப்பதும் அடங்கும்.

உடல் சூட்டுக்கும் ரத்தக் கசிவுக்கும் என்ன தொடர்பு?

குளிர்ந்த உடலில் தட்டணுக்கள் சரியாக ஒட்டாது, உறைதல் நொதிகளும் மந்தமாகும். ஒரு டிகிரிக்கும் குறைவாக இறங்கினாலே ரத்த இழப்பு சுமார் 16 சதவீதம் கூடுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தெரிந்தது. முதுகு முழுவதும் திறந்திருக்கும் அறுவையில் சூடு வேகமாக இறங்கும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே சூடான காற்றுப் போர்வை போட வேண்டும். ஏற்றும் திரவமும் காயம் கழுவும் நீரும் சூடாக இருக்க வேண்டும். 36 டிகிரிக்குக் கீழே விடக் கூடாது.

கூடவே கால்சியம். ஏற்றும் ரத்தத்தில் உள்ள சிட்ரேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் அயனிக் கால்சியம் லிட்டருக்கு 1.1 மில்லிமோலுக்குக் கீழே போனால் கொடுக்க வேண்டும். ரத்தம் போகப் போக உப்புக்கரைசலையே ஊற்றிக்கொண்டிருந்தால் உறைதல் புரதங்கள் நீர்த்துப்போகும். அவற்றில் முதலில் தீர்வது ஃபைப்ரினோஜன். அது 100 மி.லி. ரத்தத்தில் 150 மி.கி.க்குக் கீழே இறங்கி, கசிவும் தொடர்ந்தால் கிரையோபிரெசிபிடேட் (தானமாகப் பெற்ற பிளாஸ்மாவிலிருந்து பிரித்த உறைதல் புரதங்கள்) அல்லது ஃபைப்ரினோஜன் செறிவு கொடுக்க வேண்டும். உறைதலை நேரடியாக வரைபடமாகக் காட்டும் டெக், ரோட்டெம் கருவிகள் இருந்தால் எது குறைகிறது என்று பார்த்து அதை மட்டும் கொடுக்கலாம்.

அறுவை மருத்துவர் தன் கையால் என்ன செய்ய முடியும்?

கத்தி வைக்கும் கோட்டில் அட்ரினலின் கலந்த நீரை ஏற்றலாம். 1 மி.கி. அட்ரினலினை 500 மி.லி. உப்புக்கரைசலில் கலந்தால் 1:5,00,000 கிடைக்கும். ஏற்றிவிட்டு 5 நிமிடமாவது காத்திருக்க வேண்டும். ஏற்றிய கையோடு வெட்டினால் பலனில்லை. தசையை எலும்பின் உறைக்குக் கீழேயே பிரித்துக்கொண்டு போனால் தளத்தில் ரத்தம் குறைவு. தசைக்குள் நுழைந்துவிட்டால் கசிவு கூடிவிடும். ஒரு பகுதியை முடித்ததும் பஞ்சை இறுகத் திணித்து அழுத்தி வைத்துவிட்டு அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். முழு நீளத்தையும் திறந்தபடி விடக் கூடாது. எலும்பைச் சீவுவது மஜ்ஜையைத் திறந்துவிடும் வேலை. அதைக் கடைசியில் செய்வதே முறை.

தண்டுவடச் சிரைகளுக்கு, மின்சூட்டால் ரத்தக்குழாயை மூடும் பைபோலார் கருவியும், ஜெலட்டினும் த்ராம்பினும் கலந்த பசையும் கைகொடுக்கும். பசையை வைத்து, ஈரப் பஞ்சால் இரண்டு நிமிடம் அழுத்தி, மிச்சத்தைக் கழுவி எடுத்துவிட வேண்டும். ஜெலட்டின் பஞ்சும் ஆக்சிஜனேற்றிய செல்லுலோஸும் ரத்தத்தை உறிஞ்சி வீங்கும். எலும்புக் குழாய்க்குள் விட்டுவிட்டால் அதுவே நரம்பை அழுத்தும். எலும்பு மெழுகை எலும்பு ஒட்ட வேண்டிய இடத்தில் பூசக் கூடாது, மெழுகு இருக்கும் வரை அங்கே எலும்பு சேராது. ஹைட்ரஜன் பெராக்சைடை ஆழக் காயத்தில் ஊற்றுவது ஆபத்து. வாயுக் குமிழ் சிரைக்குள் போகலாம்.

சிறுநீரகம், தைராய்டு போன்ற இடங்களிலிருந்து முள்ளெலும்புக்குப் பரவிய கட்டிகளில் ரத்தக்குழாய்கள் அடர்ந்திருக்கும். அவற்றுக்கு அறுவைக்கு முந்தைய ஓரிரு நாளுக்குள் குழாய் வழியே அடைப்பு வைத்துவிட்டு வர வேண்டும். அதிக நாள் தள்ளினால் புதுக் குழாய்கள் திறந்துகொள்ளும்.

செல் சேவர் எப்படி வேலை செய்கிறது? எல்லோருக்கும் தேவையா?

காயத்தில் சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி, வடிகட்டி, சுழற்றி, உப்புக்கரைசலால் கழுவி, சிவப்பணுக்களை மட்டும் திருப்பித் தரும் கருவி இது. 500 மி.லி.க்கு மேல் இழப்பு எதிர்பார்த்தால் வைத்துக்கொள்ளலாம். முதலில் சேகரிக்கும் கலத்தை மட்டும் மாட்டிவிட்டு, போதிய ரத்தம் சேர்ந்தால் மட்டும் கழுவும் பாகத்தைத் திறப்பது சிக்கனம்.

உறிஞ்சும் குழாயின் முனையிலேயே உறைவுத் தடுப்பான் சொட்டிக்கொண்டிருக்க வேண்டும். வழக்கமாக ஒரு லிட்டர் உப்புக்கரைசலில் 30,000 யூனிட் ஹெப்பாரின். ரத்தம் வருவதற்கு முன்பே 100 முதல் 200 மி.லி. கலத்துக்குள் போயிருக்க வேண்டும். இதை மறந்தால் கலத்தில் கட்டி தட்டி எல்லாம் வீணாகும். உறிஞ்சும் அழுத்தம் 150 மி.மீ. பாதரசத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் செல்கள் உடையும். காற்றையும் ரத்தத்தையும் சேர்த்து உறிஞ்சினாலும் உடையும். முனையைத் தேங்கிய ரத்தத்துக்குள் முழுக்க வைத்து உறிஞ்ச வேண்டும். நனைந்த பஞ்சுகளை உப்புக்கரைசலில் அலசி, அந்த நீரையும் உறிஞ்சலாம். அயோடின் கரைசல், எலும்பு மெழுகு, த்ராம்பின் பசை ஆகியவற்றைப் பயன்படுத்தும்போது சாதாரண உறிஞ்சிக்கு மாற்றிவிட வேண்டும். திருப்பி ஏற்றும் பையைப் பட்டை கட்டி அழுத்தக் கூடாது, பையில் உள்ள காற்று ரத்தக்குழாய்க்குள் போய்விடும்.

திரும்பி வருவதில் தட்டணுக்களும் உறைதல் புரதங்களும் இல்லை. சில லிட்டர் போய்த் திரும்பியவருக்கு ஹீமோகுளோபின் நன்றாக இருந்தும் கசிவு நிற்காததற்கு இது ஒரு காரணம். சீழ் உள்ள இடத்தில் இதைப் பயன்படுத்துவதில்லை. புற்றுநோயில் வெள்ளணு வடிகட்டியோடு, நோயாளியிடம் பேசிய பிறகு பயன்படுத்துகிறார்கள்.

என் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

இப்போது பெரும்பாலும் செய்வதில்லை. அறுவைக்குச் சில வாரம் முன்பு ரத்தம் கொடுத்தால் சோகையோடுதான் அரங்குக்குள் போவீர்கள், அதனாலேயே ரத்தம் ஏற்றும் வாய்ப்பு கூடும். பயன்படாமல் கொட்டப்படும் பைகளும் ஏராளம். மிக அரிய ரத்த வகை, யாருடைய ரத்தமும் பொருந்தாத எதிர்ப்புரதங்கள் போன்ற நிலைகளுக்கு மட்டும் இது இன்றும் உதவும்.

எவ்வளவு போனது என்று சரியாக எப்படி அறிவது?

கண்ணால் பார்த்துச் சொல்வது நம்பத்தகாதது. உறிஞ்சிக் கலத்தில் உள்ளதிலிருந்து கழுவப் பயன்படுத்திய நீரைக் கழிக்க வேண்டும். பஞ்சுகளை எடை போட்டு, உலர்ந்த எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஒரு மி.லி. என்று கொள்ளலாம். கலத்தில் 1,800 மி.லி., கழுவிய நீர் 1,000, பஞ்சுகளின் கூடுதல் எடை 350 கிராம் என்றால் இழப்பு 1,150 மி.லி. கழுவும் நீரை ஊற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொன்னால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

எந்த அளவில் ரத்தம் ஏற்ற வேண்டும்?

கசிவு நின்று நிலையாக இருப்பவருக்கு 7-க்குக் கீழே. இதய நோய் உள்ளவர்களுக்கும் எலும்பு அறுவை நோயாளிகளுக்கும் 8 என்ற வரம்பைப் பலரும் பின்பற்றுகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்த, இதய நோயோ அதற்கான ஆபத்தோ உள்ள 2,016 முதியவர்களிடம் நடந்து 2011-ல் வெளியான ஃபோகஸ் ஆய்வில், 10-ல் ஏற்றியவர்களும் 8 வரை காத்திருந்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள். பத்துக்குக் கீழே போனாலே ஏற்றும் பழைய வழக்கத்துக்கு இனி ஆதாரம் இல்லை.

ஆனால் ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும்போது எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தம் போன உடனே ஹீமோகுளோபின் இறங்காது, திரவம் சேர்ந்து நீர்த்த பிறகே இறங்கும். நிலையாக இருப்பவருக்கு ஒரு பை ஏற்றிவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு பை சுமார் 1 கிராம் ஏற்றும். பெரும்பாலும் அது போதும். இரண்டாவது பையால் முதியவர்களுக்கும் பலவீனமான இதயத்துக்கும் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம்.

ரத்தம் ஏற்றவே கூடாது என்று நோயாளி மறுத்தால்?

மத நம்பிக்கையால் மறுப்பவர்கள் உண்டு. எதை ஏற்பார், எதை மறுப்பார் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். சிலர் செல் சேவரின் குழாய் உடலோடு அறுபடாமல் இணைந்தே இருந்தால் ஏற்பார்கள். சிலர் ஆல்புமினையும் உறைதல் புரதங்களையும் ஏற்பார்கள். இவர்களுக்கு இரும்பும், தேவையானால் எரித்ரோபொயட்டினும் கொடுத்து ஹீமோகுளோபினை முன்பே உயர்த்தி, பெரிய அறுவையை இரண்டாகப் பிரித்துச் செய்வது பற்றியும் யோசிக்க வேண்டும்.

அறுவை முடிந்த பிறகு என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் காலின் அசைவு. காயத்துக்குள் ரத்தம் தேங்கி நரம்பை அழுத்தினால் தாங்க முடியாத வலி, புதிதாக வரும் கால் பலவீனம், இருக்கையில் படும் இடத்தில் மரப்பு, சிறுநீர் போகாமை ஆகியவை தோன்றும். முதல் நாளிலேயே வருவதுதான் அதிகம், பிறகும் வரலாம். நேற்று அசைந்த பாதம் இன்று அசையவில்லை என்றால் காலை ரவுண்டு வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே சொல்லுங்கள். அவசர எம்.ஆர்.ஐ., தேவையானால் சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்து உறைவை எடுப்பது. தாமதம் ஆக ஆக நரம்பு மீளும் வாய்ப்பு குறையும். தேங்கும் ரத்தத்தை வெளியேற்றக் காயத்தில் வைத்த வடிகுழாய் இருப்பதால் இது வராது என்று நம்ப வேண்டாம், வடிகுழாய் அடைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தை இளக்கும் ஊசியை அறுவை முடிந்து 24 முதல் 48 மணி நேரம் கழித்து, கசிவு அடங்கியது என்று உறுதியான பிறகே பலரும் தொடங்குகிறார்கள். அதுவரை கால்களை மாறி மாறி அழுத்தும் காற்றுப் பட்டையும் சீக்கிரம் எழுந்து நடப்பதும் உறைவைத் தடுக்கும்.

கலத்திலும் பஞ்சிலும் சேராமல் தசைக்குள்ளேயே தங்கிவிடும் ரத்தமும் உண்டு. அதனால் ஹீமோகுளோபின் அறுவை முடிந்த அன்று சரியாக இருந்து, இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அடிமட்டத்துக்கு வரும். முதல் நாள் எண்ணைப் பார்த்துப் பரிசோதனையை நிறுத்திவிடக் கூடாது. அதற்காகத் தினமும் குழாய் குழாயாக ரத்தம் எடுப்பதும் தவறு, சிறுவர்களுக்கு எடுக்கும் சின்னக் குழாய்களையே பெரியவர்களுக்கும் பயன்படுத்தலாம்.

வீட்டுக்குப் போன பிறகு இரும்பு மாத்திரை தொடர வேண்டுமா?

அறுவைக்குப் பிந்தைய சில வாரங்கள் அழற்சியால் ஹெப்சிடின் ஏறியே இருக்கும். மாத்திரை சரியாக உறிஞ்சாது. மலச்சிக்கல் மட்டும் கூடும். வலி மருந்தாலும் படுக்கையாலும் ஏற்கெனவே அவதிப்படுகிறவருக்கு அது வேறு தொல்லை. ஹீமோகுளோபின் நன்றாகக் குறைந்திருந்தால் மருத்துவமனையை விட்டுப் போவதற்கு முன்பே சிரை வழியே இரும்பு ஒரு தடவை ஏற்றிக்கொள்வது பயனுள்ளது. நான்கு முதல் ஆறு வாரத்தில் ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் மறுபடி பாருங்கள். மூச்சு வாங்குவது, எழுந்தால் தலைசுற்றுவது, ஓய்விலும் படபடப்பது ஆகியவை இருந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே போய்ப் பாருங்கள்.